பதினோராம் எண் கூண்டு

"பாம்பனில் ஒன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்" என்று வண்டியோட்டி சொன்னதும், என் அத்தை கேட்டாள்: "கூண்டு, கூண்டு என்கிறார்களே, அதற்குள்ளே என்னதான் அப்பா இருக்கும்?"

என் கணவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் ரேடியோவில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அந்தக் கூண்டு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியாது. வாசகிகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

நாங்கள் ராமேசுவரம் வந்த மறுநாள் காலை அது. அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. சேதுவில் நீராடி, மண் எடுத்துக்கொண்டு காசிக்குப் போக வேண்டும் என்பது அவளும் மாமாவுமாகப் போட்டிருந்த திட்டம். மாமா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்தத் திட்டத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்றுதான் ஐப்பசி மழையையும் பொருட்படுத்தாமல் கிளம்பி வந்திருந்தோம். "ஒன்றாம் எண்தானே? பத்தும் பதினொன்றும் இல்லையே!" என்றார் என் கணவர். அத்தையின் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டே சேதுவுக்குப் போவது என்று வண்டியை முதலில் பாம்பனுக்குத் திருப்பச் சொன்னார்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் இரண்டு ரயில் பாலங்கள் தெரிகின்றன. ஒன்று, 1914-ல் திறந்த பழைய பாலம். கப்பலுக்கு வழிவிடக் கைகளைப் போல இரண்டாகப் பிரிந்து மேலே எழும்புமே, அதுதான். பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலம். இதில் நடுப் பகுதி அப்படியே செங்குத்தாக உயருகிறது. அத்தைக்குப் பழையதுதான் பிடித்தது. புதுப் பாலத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "நன்றாய்த்தான் இருக்கிறது" என்றாள், வேண்டாத சம்பந்தியின் பட்டுப் புடவையைப் பார்த்துச் சொல்வது போல.

கூண்டையும் பார்த்தோம். உயரமான கம்பம். அதன் மேலே கறுப்பாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்! டீக்கடைப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், அத்தையின் கேள்வியைக் கேட்டுவிட்டுத் தாமாகவே எழுந்து வந்தார்.

"உள்ளே ஒன்றும் கிடையாது அம்மா. வெறும் கூடுதான். பகலிலே கூம்பும் உருளையுமாகக் கட்டித் தொங்கவிடுவோம். ராத்திரியிலே சிவப்பு விளக்கு, வெள்ளை விளக்கு. எதை எதோடு சேர்த்துக் கட்டுகிறோம் என்பதிலேதான் சேதி இருக்கிறது. கப்பல்காரனுக்கும் மீன்பிடிக்கிறவனுக்கும் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் இல்லையா?"

பிறகு அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னது இது. ஒன்றும் இரண்டும் தூரத்துச் சேதி. நடுக்கடலில் புயல் உருவாகக்கூடும் என்றால் ஒன்று. உருவாகிவிட்டது என்றால் இரண்டு. துறைமுகத்துக்கு அப்போது ஆபத்தில்லை. கடலுக்குள் போகிறவர்களுக்குத்தான் எச்சரிக்கை. மூன்று என்றால் இந்த ஊரிலேயே பலத்த காற்று வீசலாம். நான்கு என்றால் புயலே இந்தப் பக்கம் திரும்பலாம். ஐந்து, ஆறு, ஏழு மூன்றும் அபாயக் கூண்டுகள். புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகிறதா, வலப்பக்கம் விட்டுப் போகிறதா, தலைக்கு நேராகவே வருகிறதா என்பதில்தான் வித்தியாசம். அதே மூன்று வழியில் கடும்புயல் வந்தால் எட்டு, ஒன்பது, பத்து.

"அப்படியானால் பதினொன்று பத்தை விடப் பெரிய புயலோ?" என்றேன்.

"எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்" என்று பெரியவர் தலையை ஆட்டினார். "பதினொன்று என்றால், வானிலைக்காரர்களோடு எங்களுக்கு இருந்த தொடர்பே அறுந்துபோய்விட்டது என்று அர்த்தம். புயல் எங்கே இருக்கிறது, எப்போது வரும், ஒன்றும் தெரியாது. ஆனால் நிலைமை சரியில்லை என்று இங்கே இருக்கிற அதிகாரிக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் பதினோராம் எண்."

எனக்கு என்னவோ அந்தப் பத்தை விட இந்தப் பதினொன்றுதான் வயிற்றைக் கலக்கியது.

இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 1864-ல் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கிப் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோன பிறகு, மறு வருஷம் அந்தத் துறைமுகத்தில்தான் இந்தியாவில் முதல் முதலாகப் புயல் எச்சரிக்கை முறையைத் தொடங்கினார்கள். இந்திய வானிலைத் துறையே அதற்கும் பத்து வருஷம் பிந்தி, 1875-ல் பிறந்தது. பட்ட பிறகுதான் நமக்குப் புத்தி வருகிறது!

தனுஷ்கோடிச் சாலை நேரே போகிறது, நூல் பிடித்த மாதிரி. 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் தார் போட்டார்கள். அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் மணலிலும் தண்ணீரிலும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இடது கைப்பக்கம் வங்கக் கடல், வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாய்க் கிடக்கிற வடகடலைப் பெண் கடல் என்றும், அலையடிக்கிற தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர் என் மாமியாரோடு ஒரு நாள் குடித்தனம் செய்திருந்தால் மாற்றி வைத்திருப்பார் என்று என் கணவர் என் காதோடு சொன்னார். அன்று இரண்டு கடலும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன.

பாழடைந்த மாதா கோவிலின் அருகே வண்டி நின்றது. பவளப் பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள், கூரை இல்லை. சற்றுத் தள்ளி ரயில் நிலையத்தின் மிச்சம். ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் போட் மெயில் ஏறினால் இங்கே வந்து இறங்கலாம். இறங்கிக் கப்பலேறினால் தலைமன்னார். சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர்.

1964 டிசம்பர் 17-ந் தேதி வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய ஒரு காற்றழுத்தத் தாழ்வு, புயலாக வலுத்து, 22-ந் தேதி இலங்கையில் வவுனியாவைக் கடந்து, அன்று நள்ளிரவில் இந்த ஊர் மேல் விழுந்தது. மணிக்கு 280 கிலோமீட்டர் வரை காற்று வீசியிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சாவு ஏறத்தாழ 1,800. அந்தச் சமயம் ராமேசுவரத்தில் இருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பிய கதையைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ரயிலில் வந்தவர்களைப் பற்றி எழுத யார் மிஞ்சினார்கள்?

653-ம் எண் பாஸஞ்சர் இரவு 11-55-க்குப் பாம்பனை விட்டது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று கணக்கு. தனுஷ்கோடியை நெருங்கும்போது கைகாட்டி வேலை செய்யவில்லை. டிரைவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். இருட்டு, மழை, எந்த ஜாடையும் வரவில்லை. நீளமாக ஊதிவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார். ஸ்டேஷனுக்குச் சில நூறு கெஜ தூரமே இருந்தபோது அலை வந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. தந்திக் கம்பிகளும் போயின. பாம்பன் பாலமும் போயிற்று. வெளியுலகத்துக்கு முழுச் சேதி எட்டவே நாட்கள் ஆயின.

அந்தக் கைகாட்டியைத்தான் நான் நினைத்துக்கொண்டு நின்றேன். அதுவும் ஒரு பதினோராம் எண் அல்லவா?

மாதா கோவில் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுச் சங்கு மாலை விற்றுக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. அத்தை வயதுதான் இருக்கும். அத்தை விலை பேச ஆரம்பித்தவள், ஐந்தே நிமிஷத்தில் புயலுக்கு வந்துவிட்டாள்.

"அன்றைக்கு முன்கூட்டி ஒன்றும் தெரியவில்லையா அம்மா?"

"காத்தும் மழையும் இருந்துச்சு. மார்கழி மாசத்துல இங்கன எப்பம்மா இல்ல? எங்காத்தா ஆட்டைப் பிடிச்சுக் கட்டிட்டு, கஞ்சி ஊத்திட்டு, படுங்க புள்ளைகளான்னு சொல்லுச்சு. அம்புட்டுத்தேன்." அவள் மாலையைச் சிக்கெடுத்துக்கொண்டே பேசினாள். "மணல் மேட்டுல நாலு பேரு தப்பிச்சோம். ஆத்தா இல்ல."

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விலை பேசுவதை விட்டுவிட்டாள்.

இப்போதெல்லாம் அப்படி இல்லை என்று என் கணவர் ஆறுதலாகச் சொன்னார். அது உண்மையும்கூட. 1964-ல் வங்கக் கடலை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க விண்ணில் ஒரு கோள் கிடையாது. சென்னையில் புயலைக் கண்டுபிடிக்கும் ராடார் வந்ததே 1973-ல். இன்று தாழ்வு நிலை முளைக்கும்போதே கைபேசியில் படம் வந்துவிடுகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் வேறு. மஞ்சள் என்றால் கவனமாயிரு, ஆரஞ்சு என்றால் தயாராயிரு, சிவப்பு என்றால் உடனே காரியத்தில் இறங்கு. நம் வீடுகளில் சிவப்பு என்றதும் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூடம் லீவா என்று பார்க்கிறோம். போன வருஷம் சொன்ன மழை வரவில்லையே என்று இந்த வருஷம் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. நானே மொட்டை மாடியில் வற்றல் உலர்த்தியிருக்கிறேன்.

இதற்குள் போலீஸ்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கூண்டு மூன்றாகிவிட்டது, அரிச்சல்முனைக்கு யாரும் போகக் கூடாது, எல்லோரும் திரும்புங்கள் என்றார். காற்று ஒன்றும் பிரமாதமாக இல்லை. முனைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. அத்தையின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. "கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டுமா அம்மா? வயதானவர்கள், ஐந்து நிமிஷம் என்று சொன்னால்..." என்றார் என் கணவர்.

அத்தை பதில் சொல்லவில்லை. கிழவி அதற்குள் மாலைகளைச் சாக்கில் திணித்துக் கொட்டகையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. போகிற போக்கில் குனிந்து, தன் கொட்டகை வாசலிலிருந்தே ஒரு பிடி மணலை அள்ளி அத்தையின் சொம்பில் போட்டாள். "இதுவும் சேது மண்ணுதேன். போயிட்டு வாங்கம்மா."

மறுநாள் மாலை ராமேசுவரத்தில் ரயில் ஏறினோம். தாழ்வு மண்டலம் வழியிலேயே வலுவிழந்துவிட்டதாக என் கணவர் கைபேசியைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் வண்டி கிளம்பவில்லை. பாலத்தின் மேல் காற்று அதிகமாம். 1964-க்குப் பிறகு பழைய பாலத்தில் காற்றை அளக்க ஒரு கருவி வைத்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகிவிடும். எவர் தயவும் வேண்டாம். புதுப் பாலத்திலும் காற்றைப் பார்த்துத்தான் வண்டியை விடுகிறார்கள்.

ஒரு மணி நேரமாயிற்று. எதிர்ப் பெஞ்சியில் இருந்த வாலிபர் மூன்றாம் தடவையாக ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இலைகூட அசையவில்லை. இதற்குப் போய் நிறுத்தி வைத்திருக்கிறார்களே!" என்று எரிந்து விழுந்தார்.

அத்தை மடியிலிருந்த சொம்பை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு, டிபன் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நிற்கட்டும் தம்பி. இட்டிலி இருக்கிறது, சாப்பிடுகிறீர்களா?"