பலாலியும் சென்னையும்

தேசப்படத்தை விரித்து, யாழ்ப்பாணத்திலிருந்து வடக்கே ஒரு நேர்கோடு கீறுவோமாயின், அக்கோடு சென்னைக்கு மிக அண்மையிற் செல்வதைக் காண்போம். இரு நகரங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்துள்ளமையே அதற்குக் காரணம். பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் ஆகாய மார்க்கமாக ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்போ தெருவழியே 400 கிலோமீற்றர் அளவில் உள்ளது!

1947 டிசெம்பர் 10ஆம் நாள், எயார் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகவே சென்னைக்குப் பறந்தது. பிற்காலத்தில் அவ்வழி பல்லாண்டுகள் அடைபட்டுக் கிடந்தது. தலைமன்னார்க் கப்பற் சேவையும் 1980களில் நின்றுபோயிற்று. அதன்பின் வடக்கே செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர், முதலில் தெற்கே கட்டுநாயக்காவை அடைந்து, அங்கிருந்து ஏறத்தாழ 640 கிலோமீற்றர் பறக்க வேண்டியதாயிற்று. நோயாளரும் முதியோரும் பட்ட அலைச்சல் சொல்லுந்தரமன்று.

2019 நவெம்பரில் பலாலி–சென்னைச் சேவை மீண்டும் ஆரம்பமாயிற்று. 2020இல் கொள்ளைநோயால் நின்று, 2022 டிசெம்பரில் மறுபடியும் தொடங்கியது. மணிக்கு 500 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் சிறு விமானம் இத்தூரத்தை முக்கால் மணிக்குள் கடக்கும் என மாணவர் கணக்கிடுவர். ஆயினும் ஓடுபாதையில் ஊர்தல், மேலெழுதல், தாழ்ந்திறங்கல் யாவும் சேர, பயணம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகின்றது.

தூரம் அன்றும் இன்றும் ஒன்றே. வழி திறந்திருந்தால் மாத்திரமே அயல் நகரம் நமக்கு அயலாகும்.