யார் பேரில்

எனக்குப் பிள்ளைகள் இல்லை. கணினி விளையாட்டு வாங்குகிறேன் என்று சொன்னவுடன் "பையனுக்கா மேடம்?" என்று கேட்டுவிடுகிறார்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது வசதி. மடிக்கணினி வாங்கிய கடையில் கேட்டார்கள். கல்லூரியில் சக ஆசிரியர் கேட்டார். நாற்பதைத் தாண்டிய, தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருத்தி, இரவு பாத்திரம் கழுவிவிட்டு உட்கார்ந்து தனக்காக விளையாடுவாள் என்பது யாருடைய கணக்கிலும் வருவதில்லை.

நான் இருப்பது திருப்புட்குழி. இங்கே விஜயராகவப் பெருமாள் கோயிலில் இருக்கும் மரகதவல்லித் தாயாருக்கு, வறுத்த பயறையும் முளைக்க வைப்பவர் என்று பெயர். பிள்ளை வேண்டி வரும் பெண்கள் வறுத்து நனைத்த பயறை மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். காலையில் முளைவிட்டிருந்தால் நல்ல சேதி. எனக்கும் ஒருமுறை கட்டிவிட்டார்கள். முளைக்கவில்லை. அம்மா அந்தப் பயறைத் தாளித்துச் சுண்டலாக்கிவிட்டாள். பிறகு நான் தனியாக வாழ வந்தது வேறு கதை. இந்த ஊரில் ஒரு பெண் தனக்கென்று எதையாவது வாங்கும்போது அது ஒரு குழந்தையின் பேரில்தான் போய் நிற்கும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

விளையாட்டுக்குள் என்னை இழுத்தது யாப்பு. வகுப்பில் வெண்பா நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "மேடம், வெண்பான்னு ஒரு கேம் இருக்கு" என்றாள். வகுப்பு சிரித்தது. வீட்டுக்கு வந்து தேடினேன். டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறிய குழு செய்தது. 2023 ஜூலை 31 அன்று வெளியானது. 1980களின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போகும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின். யாப்பின் பெயரில் ஒரு மனைவி, புலவன் என்ற பெயரில் ஒரு கணவன்! தமிழ்த்துறைக்காரிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதும், சுயாதீன விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும் அதற்குக் கிடைத்தன.

விளையாட்டு என்னவென்றால் சமைப்பது. அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கிறது. மிச்சமிருப்பதை வைத்து ஊகித்துச் செய்ய வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை அடுக்கும் இடத்தில் நான் யோசித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்ற அம்மா, "தட்டை இப்படி அடுக்கக் கூடாதுடி, ஆவி எப்படிப் போவும்?" என்றாள். அவள் சொன்னதுதான் விடை. எழுபது வயதில் அம்மா கணினியில் ஒரு புதிரை விடுவித்த நாள் அது. அவளுடைய அறிவு எங்காவது கேள்வியாகக் கேட்கப்பட்டதும் அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அதை ஸ்டீமில் வாங்கினேன். அப்போது எனக்குத் தெரிந்த கடை அது ஒன்றுதான். வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2003இல் தொடங்கியது. இந்தியாவில் விலையை ரூபாயிலேயே காட்டுகிறது. யுபிஐயில் பணம் கட்டலாம். காய்கறிக்காரருக்கு அனுப்புவதுபோல அனுப்பிவிட்டேன். இன்னொரு சலுகையும் உண்டு: வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். நல்ல விதிதான். ஆனால் வெண்பாவை முடிக்கவே ஒன்றரை மணி நேரம் போதும். பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரை சாப்பிட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று மொய்யைத் திருப்பிக் கேட்க இடமிருக்கிறது. எண்பது மணி நேரம் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. நேரத்தை வைத்து மதிப்பை அளக்கும் எந்த ஏற்பாட்டிலும் சமையல் தோற்றுப்போகும். இது எங்கள் வீட்டு அடுப்படிக்கும் தெரியும்.

அடுத்த விளையாட்டை வாங்கப் போனபோது, பணம் கட்டும் இடத்தில் ஒரு வரி புதிதாக இருந்தது. நான் வாங்குவது அந்தப் பொருளைப் பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே என்றது. கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் போட்டது. டிஜிட்டல் பொருளை விற்கிறவர், அது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று பொத்தானில் எழுதக் கூடாது என்கிறது அது. அங்கே போட்ட சட்டத்தால் இங்கே எனக்கு உண்மை தெரியவந்தது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு 2014இல் வந்தது. 2024 மார்ச் 31 அன்று அதன் சர்வரை அணைத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு இந்த வரி வேறு மாதிரி கேட்கும். எங்கள் வீட்டில் தறி அப்பா பேரில் இருந்தது. கூட்டுறவு சங்கத்து உறுப்பினர் அட்டை அப்பா பேரில். கூலி அவர் கையில். அம்மா காலையில் ராட்டையில் தார் சுற்றுவாள். பாவு பிணைக்கும் நாளில் தெருவில் நிற்பாள். கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் உடலை நெய்ய இன்னொருவர் மறுபக்கத்துக் கரைக்கு நாடா போட. அந்த இன்னொருவரும் பல நாள் அம்மாதான். அவளுக்குத் தறியில் இருந்தது பயன்படுத்தும் உரிமம் மட்டும். ஒரு வித்தியாசம், அவளிடம் யாரும் அதை எழுத்தில் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு என்று 1989இல் சட்டம் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்னால் திருமணமானவர்களுக்கு அது பொருந்தாது. என் அத்தைக்கு அதற்கு முந்தின ஆண்டு கல்யாணம். நடுவண் சட்டம் திருத்தப்பட்ட 2005 வரை அவள் காத்திருந்தாள். அதற்குள் பங்கு பிரித்தாகிவிட்டது.

ஆகவே, எந்தக் கடையில் வாங்குவது என்ற கேள்வியில் தள்ளுபடி எனக்கு இரண்டாம் பட்சமாகப் போய்விட்டது. எது என் பேரில், என் கையில் இருக்கும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

ஜி.ஓ.ஜி. என்று ஒரு கடை. போலந்துக்காரர்கள் 2008இல் பழைய விளையாட்டுகளை விற்பதற்காகத் தொடங்கியது. அங்கே வாங்கினால் நிறுவும் கோப்பையே இறக்கி வைத்துக்கொள்ளலாம். பூட்டு கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும், நாளைக்குக் கடையே மூடினாலும் நம் வட்டில் இருப்பது இருக்கும். இதுவும் சட்டப்படி உரிமம்தான். ஆனால் பாத்திரம் நம் வீட்டுப் பரணில் இருக்கிறது. சங்கடம் விலையில்: எனக்கு டாலரில் காட்டியது. ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைத்துத்தான் கொடுக்கப்படுகிறது. அதைத் திறக்க வங்கிக் கிளைக்குப் போனேன். எந்த வங்கி என்று சொல்ல வேண்டாம். "சார் வரலியா மேடம்?" என்றார்கள். கணக்கு என்னுடையது, சம்பளம் என்னுடையது. சார் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் திறந்து கொடுத்தார்கள். அந்த அட்டையில் முதலில் வாங்கியது 'ராஜி'. புனேவில் செய்த விளையாட்டு, 2020இல் வந்தது. தம்பியைத் தேடி அசுரர்களோடு மோதும் ஒரு சர்க்கஸ் பெண். எபிக்கிலும் ஸ்டீமிலும்கூடக் கிடைக்கிறது. நான் டாலர் கொடுத்துக் கோப்பாக வாங்கிக்கொண்டேன்.

எபிக் கடை 2018 டிசம்பரில் வந்தது. ஸ்டீம் பொதுவாக விற்பனையில் 30 விழுக்காடு எடுத்துக்கொள்கிறது. விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் 25, 5 கோடியைத் தாண்டினால் 20 என்று குறைத்துக்கொள்கிறது. பெரிய ஆளுக்குக் கழிவு குறைவு, சிறிய ஆளுக்கு அதிகம். காந்தி சாலைக்குச் சேலை எடுக்க வருகிறவர்களைக் கடைக்கு அழைத்துவரும் வண்டிக்காரருக்கான கழிவு கடைசியில் யார் தலையில் விடிகிறது என்று எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். எபிக் 12 விழுக்காடு என்று அறிவித்துக்கொண்டு வந்தது. வாரந்தோறும் இலவசமாகவும் கொடுக்கிறது. இலவசம் என்றாலே முகம் சுளிக்கிற ஆண்கள் உண்டு; 2011இல் அரசு மிக்சியும் கிரைண்டரும் கொடுத்தபோது ஆட்டுரலில் ஒருநாளும் மாவு ஆட்டியிராதவர்கள்தான் அதிகம் கேலி பேசினார்கள். எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எடுத்து வைத்த நாற்பதில் நான்கைக்கூடத் திறக்கவில்லை. காசு கொடுத்தவற்றைத் திறக்கிறேன்.

அக்கா மகள் வேலூரில் படிக்கிறாள். "சித்தி, ஸ்டீம்ல ஃபேமிலி போட்டுக்கலாம், உங்க கேமை நானும் ஆடலாம்" என்றாள். விதியைப் படித்தேன். நான் படிக்கிறவள், பழக்கதோஷம். அதிகபட்சம் ஆறு பேர். ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய குடும்பத்தினருக்கானது. பெரியவர்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு ஆகாமல் வேறு குடும்பத்தில் சேர முடியாது. ஒருவர் ஏமாற்றி விளையாடிப் பிடிபட்டால், விளையாட்டின் சொந்தக்காரருக்கும் தடை. இதையெல்லாம் படிக்கும்போது ஏதோ சம்பந்தி வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு விதி என்னை நிறுத்தியது. விலகுகிறவர் தான் வாங்கியவற்றைத் தன்னோடு கொண்டுபோய்விடலாம். மற்றவர்களின் அலமாரியிலிருந்து அவை அன்றைக்கே மறைந்துவிடும். நான் ஒரு வீட்டைவிட்டு வெளியேறியபோது வெள்ளிக் குத்துவிளக்கும் இரண்டு வளையலும் அங்கேயே தங்கிவிட்டன. பட்டியல் எழுதி வைத்திருந்தோம், இருந்தும். ஒரு அமெரிக்கக் கடையின் விதிக்குத் தெரிந்த நியாயம் அந்த வீட்டுக்குத் தெரியவில்லை.

நானும் அவளும் ஒரே வீட்டில் இல்லை. கடையின் அகராதிப்படி குடும்பம் இல்லை. சேரவில்லை.

இட்ச் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2013இல் தொடங்கிய சிறிய தளம். விலையை வாங்குகிறவரே கூட்டிக் கொடுக்கலாம். கடைக்கு எவ்வளவு பங்கு என்பதைச் செய்தவரே முடிவு செய்யலாம். பெண்களும் பால்புதுமையினரும் தனி ஆளாக, இருபது நிமிடத்தில் முடிகிற, கவிதை மாதிரியான விளையாட்டுகளை அங்கே வைக்கிறார்கள். கருச்சிதைவு பற்றி, அம்மாவோடு பேசாமல் போனது பற்றி. எனக்கு மிகவும் பிடித்த கடை. 2025 ஜூலையில் அந்தத் தளம் வயதுவந்தோருக்கானது என்று குறிக்கப்பட்ட எல்லாவற்றையும் ஒரே இரவில் தேடலிலிருந்து மறைத்தது. ஸ்டீமும் அதே மாதம் பல விளையாட்டுகளை நீக்கியது. பணப் பரிமாற்ற நிறுவனங்கள் கொடுத்த நெருக்கடி. அந்த நிறுவனங்களை நெருக்கியது ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கலெக்டிவ் ஷவுட் என்ற, பெண்கள் பாலியல் பொருளாக்கப்படுவதை எதிர்க்கும் அமைப்பு. வல்லுறவை விளையாட்டாக்கி விற்பதை நிறுத்துங்கள் என்று கேட்டது.

இதில் நானும் என் தோழியும் சண்டை போட்டுக்கொண்டோம். "வல்லுறவை விளையாட்டா விக்கிறவனுக்கு என்னடி கருத்துச் சுதந்திரம்?" என்றாள். அதே ஏப்ரலில் அப்படி ஒரு விளையாட்டு எதிர்ப்புக்குப் பின் ஸ்டீமிலிருந்து போயிருந்தது. போனதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஜூலையில் மூடப்பட்ட கதவுக்குப் பின்னால் எவனோ எழுதிய வக்கிரமும், தன் உடலைப் பற்றி ஒரு திருநங்கை எழுதியதும் ஒரே மூட்டையில் கிடந்தன. பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வந்தபோது நான் மாணவி. தலைப்புக்காகவே அந்தக் கவிஞரை என்னவெல்லாம் சொன்னார்கள் என்று என் தலைமுறைப் பெண்களுக்கு ஞாபகமிருக்கும். ஆபாசம் என்ற சொல்லை எடுத்தால் அது எந்தப் பக்கம் வீசப்படும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லின் அதிகாரத்தைக் கடன் அட்டைக் கம்பெனியிடம் கொடுக்க என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தோழி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு வளர்ந்த மகன் இருக்கிறான்; இரவில் அவன் அறைக்கதவு சாத்தியிருக்கிறது. அவள் பயம் பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன்.

இப்போது என் வழக்கம் இது: கோப்பாகக் கிடைத்தால் கோப்பாக வாங்குகிறேன். இட்சில் கேட்டதைவிட ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கிறேன். எபிக்கின் இலவசங்கள் அங்கேயே கிடக்கின்றன. ஸ்டீமில் மட்டும் இருப்பதை ஸ்டீமில் வாங்கிவிட்டுக் கொஞ்சம் எரிச்சல்படுகிறேன்.

ஸ்டீம் கணக்கை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க ஒப்பந்தத்தில் இடமில்லை. உயிலில் எழுதினாலும் செல்லாது என்று ஒரு வாடிக்கையாளருக்கு அவர்கள் பதில் சொன்னதாக 2024இல் பேச்சு கிளம்பியது. அக்கா மகளுக்கு இதைச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்போ பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துடுங்க சித்தி" என்றாள். பிள்ளையில்லாதவள் சொத்து யாருக்கு என்று சொந்தக்காரர்கள் சுற்றிச் சுற்றிக் கேட்கிற கேள்வியை, இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. வீட்டுப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் இருக்கிற மஞ்சள் பையில், ஜி.ஓ.ஜி. கோப்புகள் இருக்கிற வட்டையும் ஒரு தாளையும் வைத்திருக்கிறேன். தாளின் மேலே அவள் பெயர். கீழே நான்கு கடைகளின் கடவுச்சொற்கள், என் கையெழுத்தில்.