கால்சியம் ஃபுளூரைடும் என் தங்கச்சியும்

பிளேஸ்மென்ட் சீசன். எல்லாரும் ஆப்டிட்யூட் போட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரூம்மேட்ஸ் சிரிக்கிறார்கள். காரணம் என் சித்தப்பா பொண்ணு. பாலக்கோடு பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ, தமிழ் மீடியம். நீட் எழுதப் போகிறாள். பயாலஜியை அவளே பார்த்துக்கொள்வாள். பிசிக்ஸுக்கு ஸ்கூல் சார் இருக்கிறார். கெமிஸ்ட்ரி என் தலையில். வாரம் மூணு நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால்.

அவளுக்கு வேண்டியது பி.டி.எஸ். வேறு வழியில்லாமல் இல்லை, முதல் சாய்ஸே அதுதான். சொந்தக்காரர்கள் யாருக்கும் இது புரியவில்லை. "மார்க் குறைஞ்சாதானே பல் டாக்டருக்குப் போவாங்க, இவ என்ன மொதல்லயே இறங்கிப் பேசறா?" என்று பெரியம்மா கேட்டார். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் ஒரே தேர்வுதான். 180 கேள்வி, 720 மார்க். அதில் கெமிஸ்ட்ரி 45 கேள்வி, 180 மார்க். சரியென்றால் நாலு, தப்பென்றால் ஒன்று கழியும். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் பி.டி.எஸ். எடுப்பதைப் பார்த்துப் பார்த்தே அதற்கு ஒரு 'செகண்ட் ஹேண்ட்' பெயர் வந்துவிட்டது. எனக்கு அதில் எரிச்சல்தான்.

அவள் பல்லைப் பார்த்தால் காரணம் தெரியும். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புப் பட்டை. சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். எங்கள் பக்கம் இது புதுசு இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களில் போர் தண்ணீரில் ஃபுளூரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. நிலையான பற்கள் ஈறுக்குள்ளே உருவாகும் சின்ன வயதில் அதற்கு மேல் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எனாமல் சரியாகக் கெட்டிப்படாது. பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கறை போகாது. 2013-இல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் என்ற வார்த்தை இருக்கிறது. இவள் அதற்கு முன்னால் பிறந்தவள், இவள் தம்பி பின்னால். ஒரே வீடு, அவன் பல் பளிச்.

இனி கெமிஸ்ட்ரிக்கு வருவோம். நான் படித்தது முழுக்க இங்கிலீஷ் மீடியம். 'சால்யுபிலிட்டி ப்ராடக்ட்' என்றால் எனக்கு ஒரு ஃபார்முலா, அவ்வளவுதான். அவள் புத்தகத்தில் அது 'கரைதிறன் பெருக்கம்'. நான் விளக்க ஆரம்பிப்பதற்குள், "பெருக்கம்னா பெருக்கணும், அதானே அண்ணா?" என்றாள். அதேதான். கரைந்த அயனிகளின் செறிவுகளைப் பெருக்க வேண்டும். 'பஃபர்' அங்கே 'தாங்கல் கரைசல்'. அமிலம் கொஞ்சம் விழுந்தாலும் தாங்கும். நான் ப்ளஸ் ஒன்னில் ஒரு வாரம் முழித்ததைப் பெயரே பாதி சொல்லிவிடுகிறது. (வினாத்தாளில் தமிழோடு இங்கிலீஷும் இருக்கும், சந்தேகம் வந்தால் இங்கிலீஷ்தான் முடிவு. அதனால் இரண்டு பெயரையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.)

இந்தப் பாடத்தில் எல்லா கைடிலும் வரும் கணக்கு கால்சியம் ஃபுளூரைடு. ஒரு கால்சியம், இரண்டு ஃபுளூரைடு. கரைதிறனை எஸ் என்று வைத்தால், எஸ் பெருக்கல் 2எஸ்-இன் வர்க்கம், ஆக 4எஸ் கியூப். பத்து தடவை போட்டுவிட்டாள். பதினோராவது தடவைதான் நான் சொன்னேன், ஃபுளூரைடு உள்ள பாறைத் தாதுக்களில் இந்தக் கால்சியம் ஃபுளூரைடும் ஒன்று என்று. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பொது அயனி விளைவு தானாக ஏறியது. தண்ணீரில் ஏற்கெனவே கால்சியம் நிறைய இருந்தால் அது குறைவாகத்தான் கரையும். கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய தண்ணீரில்தான் ஃபுளூரைடு ஏறும். ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியில் கடின நீர் என்றாலே எங்களுக்கு வில்லன், பாய்லரில் படியும், குழாயை அடைக்கும். இந்த ஒரு இடத்தில் அது நல்லவன்.

அதற்கப்புறம் மொத்த சமநிலைப் பாடத்தையும் வாய்க்குள்ளேயே நடத்தினோம். எனாமலில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சிஅபடைட். கால்சியம், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு சேர்ந்த உப்பு. எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே இருப்பதால் பல் சும்மா கரையாது. இங்கேயும் பொது அயனி. இனிப்பு சாப்பிட்டால் பாக்டீரியா லாக்டிக் அமிலம் உண்டாக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனி ஹைட்ராக்சைடைத் தண்ணீராக்கிவிடும், பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்ளும். குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் பல் கரையும். லீ சாட்லியர் கொள்கை அவ்வளவுதான். எச்சிலில் உள்ள பைகார்பனேட் முடிந்தவரை தாங்கும். பி.ஹெச். சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரைய ஆரம்பிக்கும்.

"7-ல இருந்து 5.5 தானே, ஒன்றரைதானே கம்மி?" என்றாள். கால்குலேட்டருக்கு அனுமதி இல்லாத தேர்வு, அதனால் கையாலேயே போட வைத்தேன். பத்தின் அடுக்கு 1.5 என்றால் பத்து பெருக்கல் ரூட் பத்து. ஹைட்ரஜன் அயனி கிட்டத்தட்ட 32 மடங்கு. அன்றிலிருந்து லாக் கணக்கைப் பார்த்து ஸ்கிப் பண்ணுவதில்லை. அவள் வகுப்பில் பாதிப் பேர் நம்பர் வந்தாலே அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்களாம்.

எனக்குப் பொறுக்காத ஒன்று உண்டு. குடிநீரில் 1 பிபிஎம் ஃபுளூரைடு எனாமலை உறுதியாக்கும், 2 பிபிஎம்முக்கு மேல் போனால் பழுப்புக் கறை என்பது என்.சி.இ.ஆர்.டி. பழைய புத்தகத்தில் சுற்றுச்சூழல் வேதியியலில் இருந்தது. 2024 நீட்டில் அந்தப் பாடத்தையே பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். பல் மருத்துவத்துக்கு ஆள் எடுக்கிற தேர்வு, அதில் பல்லைப் பற்றி நேராகப் பேசிய வரிக்கு இடமில்லை. சுமையைக் குறைக்கிறார்கள், சரி. இந்த ஒரு பத்தி அப்படி என்ன கனம்?

போன வாரம் அவள் கேட்டது: "ஃபுளூரைடு ஏறின எனாமல் அமிலத்துல லேசுல கரையாதுன்னா, எங்க ஊர்ல யாருக்கும் பல்லு சொத்தையே ஆகக் கூடாதே?" எனக்குத் தெரியவில்லை. ரெண்டு நாள் படித்துவிட்டுச் சொன்னேன். லேசான கறை உள்ள பற்களில் சொத்தை குறைவாகத்தான் வரும். பாதிப்பு அதிகமானால் எனாமலில் குழி விழுந்து உதிரும், அப்போது அந்த லாபமும் போய்விடும். "நான் எந்த வகை?" என்று கேமராவுக்குப் பக்கத்தில் வந்து பல்லைக் காட்டினாள். அதை ஒரு பல் டாக்டர்தான் சொல்லணும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு, தாங்கல் கரைசலில் இன்னும் இருபது கணக்கு பாக்கி.