சேலை மறைத்த புண்

குளுவாங்கில் என் பாட்டிக்கு வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. ஒருநாள் தொடையில் ஊதா நிறத் திட்டு தோன்றியது. துணி பட்டாலே வலி. “இனிப்பு நீர் உடம்பு, புண் வராமலா இருக்கும்?” என்று சேலையால் மூடிக்கொண்டார். நாங்களும் நம்பினோம். இரண்டே வாரத்தில் அது கறுத்துப் புண்ணானது.

‘கால்சிபிலாக்சிஸ்’ என்றார் மருத்துவர். சிறுநீரகம் செயலிழந்தவர்களில் அரிதாகச் சிலருக்கு, தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து அடைத்துவிடும். இரத்தம் கிடைக்காத தோல் மடியும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் வார்ஃபரின் மருந்து உண்பவர்களுக்கும் அபாயம் கூடுதல். புண்ணில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. பலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. பாட்டியும் தாண்டவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் சுத்திகரிப்புக்குச் செல்பவர் இருக்கலாம். தோலில் புதிய திட்டும் கடும் வலியும் கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பாட்டி மூடிக்கொண்ட அன்றே நான் இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்.