கத்தியும் பழியும்

சென்ற மாசியில் தமிழ் நண்பர்கள் சிலருடன் தில்லியில் ஒரு கைவினைக் கண்காட்சிக்குச் சென்றிருந்தேன். ஒரு மூலையில் இராம்பூர்க் கத்திகள் இருந்தன. பித்தளைப் பிடி, மடக்குக் கத்தி, விரித்தால் 'டக்'கென்று ஓசை. "ரௌடிக் கத்தியடா!" என்று சிரித்தான் ஒருவன்.

மொழி புரியாவிட்டாலும் சிரிப்பு புரிந்தது போலும். கடையிலிருந்த முதியவர் முகம் வாடிற்று. "மகனே, நவாபு காலத்திலேயே என் பாட்டனார் இதைச் செய்தார். கெட்ட பெயரைத் தந்தது சினிமா. 1990களில் அலகு நாலரை அங்குலத்தைத் தாண்டக்கூடாதென்று அரசு தடை விதித்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாய் மூடின. 2023-இல் எங்கள் நகரின் நாற்சந்தியில் 20 அடிக் கத்தி ஒன்றைச் சின்னமாக நிறுத்தினார்கள். சின்னம் நின்றால் போதுமா? எங்கள் உலை எரிய வேண்டாமா?" என்றார்.

என் நெஞ்சு சுட்டது. என் தாத்தாவும் கொல்லர், ஊர் திருப்பாச்சேத்தி. லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அரிவாள் அடித்தவர். அவர் அடித்தவை கருவேலம் வெட்டின, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாயின. ஆயினும் 'திருப்பாச்சி அரிவாள்' என்றாலே வெட்டும் குத்தும் நினைப்பவரிடையே, "மதுரைப் பக்கம்" என்று சொல்லியே மூன்றாண்டுகளைக் கழித்துவிட்டேன்.

"சாச்சா, நானும் கொல்லன் பேரன்தான்" என்றேன், நண்பர்கள் காதில் விழும்படியாகவே. அவர் என் கையைப் பற்றினார். காய்த்துப்போன கை, தாத்தாவின் கை போலவே இருந்தது.

காய்கறி நறுக்கச் சிறு கத்தி ஒன்று வாங்கி வந்தேன். இனி, ஊர் எதுவென்று நீங்கள் கேட்டால், பெயரை முழுதாகவே சொல்வேன்.