படம் காக்கும் பெட்டி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

நெல்லுக்குக் குதிர் உண்டு. நகைக்குப் பெட்டகம் உண்டு. பத்திரத்துக்கு இரும்புப் பெட்டி உண்டு. மனிதன் தான் மதிக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு காப்பிடம் கண்டிருக்கிறான். ஆனால் இன்று நம் வீடுகளில் நெல்லைவிட வேகமாகக் குவிகின்ற பொருள் ஒன்று உண்டு. அதுதான் புகைப்படம். செல்பேசியில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறோம். எடுத்ததை எங்கே வைப்பது, எப்படிக் காப்பது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

என் தந்தையார் தென்காசியில் ஸ்டூடியோ நடத்துகிறார். 2006-இல் டிஜிட்டல் கேமராவுக்கு மாறினார். அன்று முதல் எடுத்தவற்றுள் கழித்தவை போக எஞ்சியவை சுமார் தொண்ணூறாயிரம் படங்கள். திருமணம், காதுகுத்து, சடங்கு, பள்ளி ஆண்டு விழா, மாசித் திருவிழாத் தேர், சாரல் காலத்துக் குற்றாலம் என்று இவ்வட்டாரத்தின் இருபதாண்டு வாழ்க்கையே அதில் அடங்கிக் கிடக்கிறது.

பணம் வாங்கி ஆல்பம் கொடுத்த பிறகும் இவற்றை ஏன் சுமக்க வேண்டும் என்று நான் கேட்டதுண்டு. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அதற்கு விடை கிடைத்தது. கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். கணவர் இறந்து பதினாறாம் நாள் முடிந்திருந்தது. "அண்ணாச்சி, எங்க கல்யாணத்துக்கு நீங்கதான் படம் எடுத்தீக. அவுக சிரிச்சாப்ல ஒண்ணு இருந்துச்சே, அது கெடைக்குமா?" என்றார். வீட்டு ஆல்பத்தின் பக்கங்கள் சாரல் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாகிவிட்டனவாம். 2009-ஆம் ஆண்டுத் திருமணம் அது. அப்பா அரை மணி நேரத்தில் அந்தப் படத்தைத் தேடியெடுத்து அச்சிட்டுக் கொடுத்தார். அவர் அதைக் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார்.

அடுத்த மாதமே அந்தப் படம் இருந்த ஹார்ட் டிஸ்க் 'டக், டக்' என்று ஒலியெழுப்பத் தொடங்கிற்று. அது முற்றிலும் படுத்துவிடுமுன் எல்லாவற்றையும் வேறொன்றுக்கு மாற்றிவிட்டோம். "இனி இதையெல்லாம் எதுல வைக்கணும்னு நீயே விசாரிச்சுச் சொல்லு" என்று அப்பா பொறுப்பை என்னிடம் விட்டார்.

முதலில் கணக்குப் பார்த்தேன். படம் ஒன்றுக்குச் சராசரி 10 எம்.பி. என்றால், தொண்ணூறாயிரத்துக்கு 900 ஜி.பி. வேண்டும். ஒரு டெராபைட்டுக்குச் சற்றே குறைவு. இதைத் தாங்கும் பெட்டி எது?

டி.வி.டி. தட்டு ஒன்று 4.7 ஜி.பி. கொள்ளும். எங்களுக்கு ஏறத்தாழ இருநூறு தட்டுகள் தேவைப்படும். நாம் வீட்டில் பதியும் தட்டுகளில் பெரும்பாலானவை சாயப் படலத்தில் எழுதப்படுபவை. வெயிலும் ஈரமும் அச்சாயத்தைக் கெடுத்துவிடும். மேலும், தட்டைப் படிக்கும் கருவியே இல்லாத கணினிகள்தாம் இன்று கடைக்கு வருகின்றன. பென் டிரைவும் எஸ்.எஸ்.டி.யும் விரைவானவை, ஆனால் அவை செய்தியை மின்னேற்றமாகத் தேக்கி வைக்கின்றன. மின்சாரமே காணாமல் பல ஆண்டு அலமாரியில் கிடந்தால் அம்மின்னேற்றம் கசியக்கூடும். வெப்பம் மிகுந்தால் இன்னும் விரைவில் கசியும். ஹார்ட் டிஸ்க்கில் செலவு குறைவு, கொள்ளளவு அதிகம். ஆனால் உள்ளே தட்டு சுழல்கிற இயந்திரம் அது. கீழே விழுந்தால் போயிற்று. ஐந்தாண்டு கடந்தால் நம்புவதற்கில்லை.

கிளவுட் என்கிறார்களே, அது எப்படி? நம் ஊரில் வெள்ளம் வந்தாலும் அங்குள்ள படம் நனையாது. ஆனால் நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் எங்கள் படங்கள் முழுவதையும் ஏற்ற 200 மணி நேரம், அதாவது இடைவிடாமல் எட்டு நாளுக்கு மேல் ஆகும். கட்டணமும் தொடர்ந்து கட்ட வேண்டும். கூகுள் போட்டோஸ் அளித்த வரம்பற்ற இலவச இடம் 2021 ஜூன் முதல் நாளோடு நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கலாம். செல்பேசியும் கிளவுடும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால், இங்கே அழித்த படம் அங்கேயும் அழிந்துவிடும் என்பதையும் மறக்கலாகாது.

கிளவுட் என்பதும் எங்கோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிகள்தாமே! 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜான் நகரில், அரசின் தகவல் மையத்தில் மின்கலம் ஒன்று தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் அளவுள்ள சேமிப்பகம் எரிந்துபோயிற்று. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே வேறு பிரதி வைக்கப்படவில்லை.

இதைப் படித்தபோது நம் மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூர்தான் என் நினைவுக்கு வந்தது. அவ்வூர்க் கோயிலில் பாண்டிய மன்னர் ஒருவர் சேர்த்த ஏட்டுச் சுவடிகள் இருப்பதாக அறிந்து, உ. வே. சாமிநாதையர் அங்கே தேடிச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடுவதே முறை என்று கருதி, அவற்றைத் தீக்கு இரையாக்கிவிட்டனர் என்ற செய்திதான் அவருக்குக் கிடைத்தது. தம் வரலாற்றில் இதை அவர் வேதனையோடு பதிந்திருக்கிறார். அங்கே எரிந்த நூல்களுள் வேறெங்கும் பிரதி இல்லாதவை எத்தனையோ! இன்று நம் கையிலிருக்கும் சங்க நூல் எதுவும் அதைப் பாடிய புலவர் எழுதிய ஓலையில் வந்து சேரவில்லை. பழைய ஏடு சிதையுமுன் யாரோ ஒருவர் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதினார். அது சிதையுமுன் இன்னொருவர் எழுதினார். ஓலை அழிந்தது, பிரதி வாழ்ந்தது.

இதையே இக்காலத்தார் '3-2-1' என்று சுருக்கிச் சொல்கின்றனர். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய விதி இது. மூன்று பிரதி வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றேனும் வேற்றிடத்தில் இருக்க வேண்டும். கடைசிச் சொல்லின் அருமையை என் சித்தி வீட்டில் கண்டேன். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களைப் பெருமழை புரட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஸ்ரீவைகுண்டத்தில் சித்தி வீட்டில் ஆல்பம், கணினி, அதன் பிரதியைத் தாங்கிய டிஸ்க் மூன்றும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. மூன்றும் ஒன்றாகவே போயின.

எனவே நாங்கள் செய்த ஏற்பாடு இது. முதற்பிரதி கடைக் கணினியில் இருக்கிறது. இரண்டாம் பிரதி 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் இருக்கிறது. படங்களை ஏற்றும்போது மட்டும் அதைக் கணினியில் இணைப்போம். இடி மின்னலோ வைரஸோ கணினியைத் தாக்கினாலும் அது தப்பும். மூன்றாவது, அதே போன்ற இன்னொரு டிஸ்க்கில் மதுரையில் அத்தை வீட்டில் இருக்கிறது. செங்கோட்டையில் வைத்தால் இங்கே பெய்யும் மழைதானே அங்கும் பெய்யும்! ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும்போது புதுப்பித்த டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருகிறோம். இவை தவிர, இழக்கவே கூடாதவை என்று பொறுக்கிய பன்னிரண்டாயிரம் படங்கள் கட்டணக் கிளவுடில் உள்ளன.

பொறுக்குவதுதான் பெரும்பாடு. ஒரே காட்சியின் இருபது படங்களில் இரண்டை வைத்துக்கொண்டோம். ஆண்டு, மாதம், ஊர், நிகழ்ச்சி என்று கோப்புறைக்குப் பெயரிட்டோம். தேடி எடுக்க முடியாத படம் இருந்தும் இல்லாததுதான். ஆயுத பூஜையன்று கேமராக்களைத் துடைத்துச் சந்தனம் இடுவது எங்கள் கடை வழக்கம். இப்போது அன்றே டிஸ்க்குகளையும் இணைத்து, சில படங்களைத் திறந்து பார்த்து, வயதானவற்றை மாற்றுகிறோம்.

நம் தென்காசிக் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், கல்வெட்டில் ஒரு வேண்டுகோள் விடுத்திருக்கிறான். பிற்காலத்தில் இக்கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைத் தான் பணிவதாகச் சொல்கிறான். கருங்கல்லில் கட்டிய அரசனே கல்லை மட்டும் நம்பவில்லை. பின்வரும் மனிதரை நம்பினான். இடையில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற ராஜகோபுரம், அத்தகைய மனிதரால்தான் 1990-இல் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது.

மாணவ நண்பர்களே! எந்த டிஸ்க் நல்லது என்று கேட்டால், கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதை வாங்குங்கள் என்பேன். அதனோடு இன்னொன்றும் வாங்கி வேற்றூரில் வையுங்கள். ஆண்டுக்கொருமுறை திறந்து பாருங்கள். உங்கள் செல்பேசியில் தாத்தாவோ பாட்டியோ சிரிக்கும் படம் ஒன்று இருக்கும். அதற்கு இன்று எத்தனை பிரதி என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றுதான் என்றால், இன்றிரவே இரண்டாவதை எடுத்துவிடுங்கள்.