காவலூரில் லென்ஸைக் காணோம்!

ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். நிலாவில் பாட்டி இன்னும் வடை சுடுகிறாளா என்று பார்க்கும் உத்தேசத்தோடுதான் போனேன்.

வைணு பாப்பு டெலஸ்கோப்பை அண்ணாந்து பார்த்தேன்.

"லென்ஸ் எங்கே சார்?"

சுற்றிக் காட்டியவர் சிரித்தார். "கீழே பாருங்க. கண்ணாடி!"

2.34 மீட்டர் அகலக் குழி ஆடி. 1986-ல் டெலஸ்கோப்புக்குப் பெயர் சூட்டினார்கள்.

லென்ஸை ஓரத்தில்தான் பிடிக்க முடியும். பெரிசானால் தன் எடையிலேயே தொய்யும். போதாக்குறைக்கு நிறங்களையும் பிரித்துவிடும். 1897-ல் அமெரிக்காவில் யெர்க்கீஸில் வைத்த 40 அங்குல லென்ஸ்தான் நட்சத்திர ஆராய்ச்சிக்குப் பயன்பட்டதில் பெரிசு. கண்ணாடிக்கோ முதுகு முழுக்க முட்டுக் கொடுக்கலாம்.

"எத்தனை மடங்கு பெரிசா காட்டும்?"

"அது ரெண்டாம்பட்சம் சார். எவ்வளவு வெளிச்சம் பிடிக்குதுங்கறதுதான் விஷயம்."

இருட்டில் விரிந்த நம் கண்மணியைவிட இது லட்சம் மடங்கு பிடிக்கிறதாம். என் பி.காம். மூளைக்குச் சட்டென்று உறைத்தது. வெளிச்சம்தான் முதல். முதல் போடாமல் பெரிசாக்கினால் படம் மங்கி, கம்பெனி திவால்!

வெளியே வந்தோம். தொலைவில் வானத்தின் ஓரம் வெளுத்திருந்தது.

"ஊர் விளக்குங்க சார். எங்களுக்கு எதிரியே அதுதான்."

கோடிக்கணக்கான வருஷம் பயணம் செய்து வரும் வெளிச்சத்தை, கடைசி நொடியில் நம் ட்யூப்லைட் அமுக்கிவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மொட்டைமாடி விளக்கை அணைத்தேன்.

"கரண்ட் பில் வந்துடுச்சா?" என்றாள் மனைவி.